மூனே மூனு செடிதான், அதுவும் பித் டெஸ்ட்டுக்குத்தான்: சாளைக்குள்ள கஞ்சா வளக்கலாமுங்களா?

ஆனைமலை பக்கத்துல இருந்து ஒரு தம்பி நீளமா எழுதியிருக்காரு, பேரும் ஊரும் வேண்டாம்னு கேட்டதால விட்டுட்டேன். அப்பா நார் மில் வெச்சிருக்காரு, இவரு படிப்பு முடிச்சுட்டு வந்து கோகோ பித், அதாவது தேங்கா நார்த்தூள், பிளாக்கும் குரோ பேக்கும் ஏற்றுமதி பண்றத எடுத்துப் பாக்கறாரு. கனடாவுல ஒரு கம்பெனி இவருகிட்ட பித் வாங்கி ரூமுக்குள்ள லைட் போட்டு கஞ்சா வளக்குது, அங்க அது லைசென்ஸோட நடக்கற தொழில். போன கன்டெய்னர்ல வந்த பித்துல செடி வெச்சு கொஞ்ச நாள்லயே இலை மஞ்சளாகி ஓரம் கருகுது, உங்க பித்துதான் காரணம்னு சொல்லி பாக்கிப் பணத்த நிறுத்தி வெச்சிருக்காங்க. அதனால இவரு, அம்மிச்சி (அம்மாவோட அம்மா) பேருல இருக்கற சாளையில, அதாவது தோட்டத்து வீட்டுல, ஒரு ரூமை காலி பண்ணி, டென்ட் கட்டி எல்ஈடி லைட்டும் மாட்டிட்டாரு. தன்னோட பித்துலயே மூனு கஞ்சாச் செடி வளத்து தப்பு எங்கன்னு கண்டுபிடிச்சரலாம்னு யோசனை. தண்ணி ஊத்த, மில்லுல வேலை செய்யற பீகார் பையன் ஒருத்தன் இருக்கான். விதை மட்டும்தான் பாக்கி, வெளிநாட்டு சைட்டுல இருந்து கூரியர்ல வரவெக்கப் போறாராம்.

"நான் பீடி சிகரெட் கூட தொடமாட்டேன் சார், விக்கவும் போறதில்ல, பூ வர்றதுக்கு முன்னாடியே புடுங்கி எறிஞ்சிருவேன். ஒரு கிலோவுக்கு கம்மின்னா பெரிய கேஸ் இல்லைங்கறாங்க. இலையும் விதையும் கஞ்சாவே இல்லைன்னு சட்டத்துலயே இருக்குது. ஐநாவுலயே லிஸ்ட்ட விட்டு எடுத்தாச்சு, உத்தரகாண்டுல லைசென்ஸ் குடுக்கறாங்க. இதுல எனக்கு என்ன ரிஸ்க்?" இதுதான் கேள்வி.

தம்பி, மொதல்ல பதிலச் சொல்லிடறனுங்க. விதை ஆர்டர் போடாதீங்க. டென்ட் வாங்குனதோ லைட் மாட்டுனதோ குத்தம் இல்ல, அதுல தக்காளியும் வளக்கலாம், நாத்தும் விடலாம். ஆனா அந்த பித்துல கஞ்சா விதை ஒன்னு விழுந்துச்சுன்னா நீங்க நெனைக்கற 'சின்ன கேஸ்' கிடையாதுங்க, பத்து வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கற கேஸ். கன்டெய்னர் காசு நின்னு போச்சுன்னா மில்லுல வாரக்கூலி குடுக்கறதுல இருந்து எல்லாம் முட்டும், அந்தப் பதட்டம் உங்க கடுதாசியில நல்லாவே தெரியுது, அதனாலதான் சட்டத்த மட்டும் சொல்லி முடிக்காம பித் சமாச்சாரத்தையும் சேத்து எழுதறேன். நான் பொள்ளாச்சி உடுமலை பக்கம் ஏற்றுமதி ஒப்பந்தத் தகராறு நெறைய பாத்தவன், பித் களத்துல நின்னு பேசுனவன், உங்க பிரச்சனைக்கு வழி கஞ்சாச் செடி இல்லாமயே இருக்குது.

ஒரு கிலோ கணக்கு செடிக்கு இல்லீங்க

எல்லாரும் தப்பா புரிஞ்சுக்கற எடம் இதுதான். 1985-ம் வருஷ போதைப்பொருள் சட்டம், நாம என்டிபிஎஸ்னு சொல்றது, அதுல கஞ்சாவுக்கு 1 கிலோவுக்கு கம்மின்னா சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல போனா வணிக அளவுன்னு அறிவிப்பு இருக்கறது நெசந்தான். அந்த அளவு வெச்சிருக்கறது, விக்கறது, கொண்டு போறது இதுக்கெல்லாம், அதாவது பிரிவு 20-ல இரண்டாவது பாதிக்கு. மொதல் பாதி, 20(அ)ன்னு வெச்சுக்கங்க, அது வளக்கறதுக்குன்னே தனியா இருக்குது. அதுல கிராமும் கெடையாது கிலோவும் கெடையாது, எத்தனை செடிங்கற கணக்கும் கெடையாது. கஞ்சாச் செடி எதையாச்சும் பயிர் பண்ணுனா பத்து வருஷம் வரைக்கும் கடுங்காவல், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். மூனு செடிக்கு முழுசா பத்து வருஷம் குடுத்துருவாங்கன்னு நான் பயமுறுத்தல, தண்டனை எவ்வளவுங்கறத கோர்ட்டு பாத்துக்கும், ஆனா வழக்கு பதிவாகற பிரிவு அதுதான், எஃப்ஐஆர்ல அந்த நம்பர் விழுந்தாலே உங்க வாழ்க்கை வேற ரூட்டுல போயிரும்.

இலையும் விதையும் கஞ்சா இல்லைங்கறதும் அதே மாதிரி பாதி உண்மைதான். பூ, காய் புடிக்கற நுனிதான் கஞ்சா, அந்த நுனியோட சேராத இலையும் விதையும் சேத்தி இல்லைன்னு பிரிவு 2 சொல்லுது, வடக்க அரசு லைசென்ஸ்ல, இலையில செய்யற பாங்கு விக்கற கடை நடக்கறது அதனாலதான். ஆனா அதே பிரிவுல பக்கத்து வரியிலயே 'கஞ்சாச் செடி'ன்னு தனியா ஒரு விளக்கம் இருக்குது, அந்த இனத்துச் செடி எதுவா இருந்தாலும் கஞ்சாச் செடிதான்னு. பூ வந்திருக்கோணும், போதை இருக்கோணும், ஆண் செடியா பொண் செடியா, எதுவுமே அங்க கேக்கறதில்ல. பிரிவு 8 அந்தச் செடிய வளக்கவே கூடாதுங்குது. அப்பறம் பூ வர்றதுக்கு முன்னாடி புடுங்கிருவேன்னு நீங்க சொல்றது, தம்பி, குத்தம் முடிஞ்சதுக்கு அப்பறம் புடுங்கற மாதிரிதான் ஆகும்.

ஐநா சமாச்சாரம் 2020 டிசம்பர்ல நடந்தது, இந்தியாவும் ஆதரவாத்தான் ஓட்டுப் போட்டுது. 1961 ஒப்பந்தத்துல ரொம்பக் கடுமையான நாலாவது பட்டியல்ல இருந்து கஞ்சாவ எடுத்தாங்க, ஒன்னாவது பட்டியல்ல அது இன்னும் இருக்குது, நம்மூரு சட்டத்துல ஒரு எழுத்து கூட அதனால மாறல. உத்தரகாண்டுல குடுக்கறது நாருக்கும் விதைக்கும் வளக்கற தொழில் ஹெம்ப்புக்கு, போதை தர்ற டிஎச்சிங்கற பொருள் 0.3 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுங்கற நிபந்தனையோட, அந்த அரசு அந்த மாநிலத்துக்குள்ள குடுக்கற லைசென்ஸ். அத காட்டி ஆனைமலையில வளக்க முடியாதுங்க. ஆராய்ச்சிக்கு விலக்கு இருக்குதே, நான் பண்றதும் ஒரு ஆராய்ச்சிதானேன்னு கேட்டீங்கன்னா, மருத்துவம், அறிவியல் காரணம் இருந்தா மட்டும் பத்தாது, அதுக்கான அனுமதியும் கையில இருக்கோணும். ஜம்முவுல இருக்கற சிஎஸ்ஐஆர் ஆராய்ச்சி நிலையம் கஞ்சாச் செடி வளக்குது, அரசாங்க நிறுவனம், அதுவே அனுமதி வாங்கித்தான் வளக்குது.

விதை கூரியர் பத்தி ரெண்டே வார்த்தை. உங்க பித் கன்டெய்னருக்கே பூச்சி, சீக்கு இல்லைங்கற பைட்டோ சர்டிபிகேட் எடுத்துத்தான தூத்துக்குடிக்கு அனுப்பறீங்க, அதே மாதிரி வெளிநாட்டு விதை உள்ள வரோணும்னா 2003-ம் வருஷ தாவர குவாரன்டைன் உத்தரவுப்படி பர்மிட் வேணும். அது இல்லாம வந்தா கஸ்டம்ஸ் புடிக்கும், பார்சல் மேல இருக்கறது ஏற்றுமதி கம்பெனி வெச்சிருக்கற உங்க பேரும் விலாசமும். விதை கஞ்சா இல்லைன்னு கோர்ட்டுல வாதாடலாம், ஆனா டென்ட்டும் லைட்டும் ரெடியா இருக்கற ரூமைக் காட்டி, முயற்சி பண்ணுனாருன்னு பிரிவு 28ன்னு எடுத்துட்டு வருவாங்க.

சாளை யாரு பேருல இருக்குது?

கடுதாசியில நீங்க ஒரே வரியில சொல்லிட்டுப் போன விஷயம் எனக்கு பெருசா படுது. சாளையும் பூமியும் அம்மிச்சி பேருல. பிரிவு 25 என்ன சொல்லுதுன்னா, வீடோ ரூமோ எடமோ யாரு கையில இருக்குதோ அவங்க தெரிஞ்சே இந்த மாதிரி காரியத்துக்கு விட்டாங்கன்னா அந்தக் குத்தத்துக்கு உண்டான தண்டனை அவங்களுக்கும். பிரிவு 46 இன்னும் ஒரு படி மேல, தன்னோட பூமியில கஞ்சாச் செடி சட்டத்துக்கு மாறா வளருதுன்னு தெரிஞ்சும் போலீசுக்கோ அதிகாரிக்கோ தகவல் குடுக்காம விட்டா அதுவே தண்டனைக்கு உரியது. 47-வது பிரிவுல கிராம அதிகாரிங்களுக்கும் அதே கடமை இருக்குது, அதனால விஏஓ உங்க சொந்தக்காரரா இருந்தாலும் கண்ண மூடிட்டுப் போக முடியாது. அம்மிச்சிக்கு எதுவும் தெரியாதுன்னு நிரூபிக்கலாம், தெரிஞ்சேங்கற வார்த்தை அவங்களுக்கு காப்பு, ஆனா பட்டா சிட்டாவ எடுத்துட்டு மொதல்ல கூப்புடறது அவங்களத்தான். எழுவது வயசு தாண்டுனவங்கன்னு எழுதியிருக்கீங்க, அவங்கள ஸ்டேஷன் பெஞ்சுல உக்கார வெக்கறதுக்கு இந்த டெஸ்ட் வேணுமுங்களா?

அந்த பீகார் பையன் விஷயம் அதவிட மோசம். அவனுக்கு அது என்ன செடின்னு கூட தெரியாம இருக்கலாம். ஆனா தண்ணி ஊத்துனவன் அவன், சாவி அவன்கிட்ட, சோதனை போடறப்ப ரூமுக்குள்ள நிக்கப்போறவனும் அவனாத்தான் இருப்பான். கூட்டுச்சதி, உடந்தைக்கு பிரிவு 29. இந்தச் சட்டத்துல பிரிவு 35-னு ஒன்னு இருக்குது, குத்தம் பண்ற எண்ணம் இருந்துச்சுன்னு கோர்ட்டு மொதல்லயே எடுத்துக்கும், இல்லைன்னு காட்டற பொறுப்பு மாட்டுனவன் தலையில, அதுவும் சந்தேகத்துக்கு எடமில்லாம காட்டோணும். பாஷை தெரியாத ஊருல, ஜாமீன் போட ஆள் இல்லாத பையன் அத எப்படிக் காட்டுவான்? உங்களுக்கு அப்பா இருக்காரு, மில் இருக்குது, வக்கீல் இருக்காங்க. அவனுக்கு யாரும் இல்ல. அவன இதுக்குள்ள கொண்டு வரவே வராதீங்க, இத மட்டும் நான் கெஞ்சியே கேக்கறனுங்க.

நாலு செவுத்துக்குள்ள யாருக்குத் தெரியப்போகுதுன்னும் எழுதியிருக்கீங்க. நம்பற மாதிரி தகவல் வந்து அத எழுத்துல பதிவு பண்ணிட்டா, வாரன்ட் இல்லாமயே பகல்ல உள்ள வர பிரிவு 42 அதிகாரம் குடுக்குது, ராத்திரின்னா காரணத்த எழுதி வெச்சுட்டு வரலாம். 2022-ல ஆபரேஷன் கஞ்சா வேட்டைன்னு தமிழ்நாடு முழுக்க போலீஸ் எறங்குனது ஞாபகம் இருக்கும்.

கேஸ்னு ஆயிட்டா

வணிக அளவுக்கு இருக்கற ஜாமீன் கெடுபிடி, அதாவது பிரிவு 37, வெறும் வளத்த கேஸுக்கு அப்படியே வர்றதில்லீங்க, அது ஒரு ஆறுதல். ஆனாலும் ஸ்டேஷன்ல கையெழுத்து போட்டுட்டு வீட்டுக்கு வர்ற கேஸ் இல்ல, ஜாமீனுக்கு கோர்ட்டுக்குத்தான் போகோணும், கோயமுத்தூர்ல இந்த வழக்குகளுக்குன்னே சிறப்பு நீதிமன்றம் இருக்குது. மொதல் தடவை, நல்ல குடும்பம், நன்னடத்தையில விட்டுருவாங்கன்னு ஊருல சொல்லுவாங்க, அதுவும் இங்க இல்ல, 18 வயசு தாண்டுனவங்க இந்தப் பிரிவுல தண்டனை வாங்குனா நன்னடத்தைச் சலுகை கிடையாதுன்னு பிரிவு 33 சொல்லுது. அப்பறம் பாஸ்போர்ட். கிரிமினல் வழக்கு கோர்ட்டுல நடந்துட்டு இருந்தா புதுப்பிக்க மறுக்கலாம்னு 1967 பாஸ்போர்ட் சட்டத்துல இருக்குது, ஒவ்வொரு தடவையும் கோர்ட்டு அனுமதி வாங்கித்தான் எடுக்கோணும், அதுவும் பெரும்பாலும் குறுகின காலத்துக்குத்தான் கெடைக்கும். நெதர்லாந்து, ஸ்பெயின்னு சரக்கு வாங்கறவங்களப் பாக்கப் போறவரு நீங்க.

இதையெல்லாம் விட்டுத்தள்ளுங்க, ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். டெஸ்ட் நடந்து பித் நல்ல பித்துதான்னு தெரிஞ்சுருச்சுன்னே வெச்சுக்கலாம், அந்த ரிசல்ட்ட யாருக்கு அனுப்புவீங்க? போட்டோ எடுத்து கனடாவுக்கு மெயில் போட்டா அது நீங்களே கையெழுத்து போட்டு குடுத்த ஒப்புதல். லெட்டர்பேடுல எழுத முடியாது, லேப்ல குடுக்க முடியாது, நாளைக்கு அந்த கம்பெனி மேல காசு கேட்டு வழக்கு போட்டா ஆதாரமா வெக்கவும் முடியாது. காட்டவே முடியாத ஒரு டெஸ்ட்டுக்காக பத்து வருஷத்த பணயம் வெக்கறீங்க.

சரி, பித்துல என்னதான் கோளாறு?

நீங்க சொல்ற அறிகுறி, இலை மஞ்சளாகி ஓரம் கருகறது, கஞ்சாவுக்குன்னு தனியா வர்ற சீக்கு இல்லீங்க. பித்தை கழுவுனா ஈசி, அதாவது கரைஞ்ச உப்போட அளவக் காட்டற மின்கடத்தல் எண், எறங்கும், தண்ணியில கரையற உப்பு போயிரும். ஆனா துகளோட ஒட்டிக்கிட்டு இருக்கற சோடியமும் பொட்டாசியமும் வெறும் தண்ணிக்கு சுலபமா வராது, அதுக்கு கால்சியம் நைட்ரேட் கரைசல்ல ஊற வெச்சு பஃபர் பண்ணி மறுபடி கழுவோணும், அப்பத்தான் கால்சியம் அந்த எடத்துல உக்காந்து மத்தத வெளிய தள்ளும். பஃபர் பண்ணாத பித்துல செடி வெச்சா, ஊத்தற ஒரத்துல இருக்கற கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பித்தே புடிச்சு வெச்சுக்கிட்டு செடிக்கு விடாது. ஈசி மீட்டர்ல பாத்தா எல்லாம் சரியா இருக்கற மாதிரித்தான் காட்டும், லோ ஈசின்னு சர்டிபிகேட்டும் இருக்கும், செடி மட்டும் பட்டினி கெடக்கும். களத்துல இருக்கறவங்களுக்கு இது தெரியும், ஆனா ஆர்டர் போடறப்ப லோ ஈசியா, பஃபர் பண்ணுனதான்னு பேப்பர்ல எழுதாம போன்ல பேசி முடிச்சுக்கறதுலதான் தகராறு மொளைக்குது.

அதனால மொதல் வேலையா உங்க ஆர்டர் பேப்பர எடுத்துப் பாருங்க. 'கழுவுன லோ ஈசி பித்'னு மட்டும் இருந்து நீங்களும் அதையே அனுப்பியிருந்தீங்கன்னா, பஃபர் பண்ற வேலை வாங்குனவங்களோடதுன்னு சொல்ல உங்களுக்கு நல்ல எடம் இருக்குது. ஆனா 'ரூமுக்குள்ள இந்தப் பயிருக்குத்தான் வேணும், எதுன்னு நீங்களே பாத்து அனுப்புங்க'ன்னு அவங்க மெயில்ல கேட்டு நீங்களும் சரின்னு சொல்லியிருந்தா, 1930 சரக்கு விற்பனைச் சட்டம் பிரிவு 16 உங்களுக்கு எதிரா திரும்பும், சொன்ன காரியத்துக்கு ஏத்த சரக்கா இருக்கோணும்ங்கற பொறுப்பு உங்க மேல வரும். எந்த நாட்டுச் சட்டப்படி, எந்த ஊருல தீர்வுன்னு ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்குதுன்னும் பாக்கோணும், அதுக்குப் பக்கத்துல ஒரு வக்கீல நேர்ல உக்காத்தி வெச்சு காட்டுங்க.

அடுத்தது, அந்த பேட்ச்சுல எடுத்து வெச்ச சாம்பிள் பிளாக் இருக்குதா பாருங்க. இருந்தா ரெண்டா பிரிச்சு சீல் போட்டு, ஒன்ன இங்க லேப்புக்கு, சோடியம், பொட்டாசியம், கால்சியம், குளோரைடு எல்லாம் தனித்தனியா பாக்கச் சொல்லி, வெறும் ஈசி, பிஎச் மட்டும் வேண்டாம். கயிறு வாரியத்தோட மத்திய ஆராய்ச்சி நிலையம் ஆலப்புழை கலவூர்ல இருக்குது, நம்ம வேளாண் பல்கலைக்கழகம் கோயமுத்தூர்லயே இருக்குது, ரெண்டு எடத்துலயும் விசாரிச்சுப் பாருங்க. இன்னொன்ன கனடாவுக்கே அனுப்புங்க. கஞ்சாச் செடியில வெச்சுத்தான் பாக்கோணும்னு அவங்க புடிவாதம் புடிச்சா, லைசென்ஸ் அவங்ககிட்ட இருக்குது, 2018 அக்டோபர் 17-ல இருந்து அங்க சட்டமே இடம் குடுக்குது, ரெண்டு பேருக்கும் பொதுவான ஒரு லேப்ல வெச்சு அவங்களே வளத்து பாக்கட்டும். செலவ எப்படிப் பிரிச்சுக்கறதுன்னு முன்னாடியே எழுத்துல பேசிக்கங்க.

சாளையில ரெடி பண்ணுன ரூமை வீணாக்க வேண்டாம். அதே பித், அதே பேட்ச், ஒரு பாதியை பஃபர் பண்ணி ஒரு பாதியை அப்படியே வெச்சு, ரெண்டுலயும் தக்காளியும் வெள்ளரியும் வெய்யுங்க. வெள்ளரி உப்பு தாங்காது, சோடியம் இருந்தா சீக்கிரமே இலையில காட்டிரும். தக்காளிக்கு கால்சியம் எட்டலைன்னா காயோட அடிப்பக்கம் தோல் மாதிரி கறுத்து குழி விழும், கிணத்துக்கடவு பக்கம் தக்காளி போடறவங்க யாரக் கேட்டாலும் கையில எடுத்துக் காட்டுவாங்க. ரெண்டு பக்கமும் ஒரே ஒரம், ஒரே தண்ணி, தேதி போட்டு போட்டோ, வடியற தண்ணியோட ஈசி தெனமும் நோட்டுல. இந்த ரிசல்ட்ட லெட்டர்பேடுல போட்டு தைரியமா அனுப்பலாம், கோர்ட்டுலயும் வெக்கலாம்.

பித் விக்கறதுல தப்பு உண்டா

வெளிநாட்டுல லைசென்ஸோட கஞ்சா வளக்கறவங்களுக்கு பித் விக்கறதே குத்தம் ஆயிருமோன்னு கடைசியா பயந்து கேட்டிருக்கீங்க. இல்லீங்க. பித் ஒரு வளர்ப்பு ஊடகம், அங்க அவங்க பண்றது அங்க சட்டப்படி. அதுக்காக பையில கஞ்சா இலை படம் போட்டு இங்க அடுக்கி வெக்காதீங்க, தேவையில்லாத கேள்வி வரும்.

ஆனா உள்ளூர் விஷயத்துல ஜாக்கிரதை. ரெண்டு மூனு பசங்க கோயமுத்தூர்ல இருந்து வாட்ஸ்அப்ல 'அந்தச் செடிக்கு எந்த பித் நல்லா இருக்கும், எவ்வளவு பஃபர் பண்ணோணும்'னு கேக்கறாங்கன்னு எழுதியிருக்கீங்க. எதுக்குன்னு தெரிஞ்சுக்கிட்டே பித்தும் குடுத்து யோசனையும் சொன்னா அது வியாபாரத்தோட நிக்காது, பிரிவு 29-ல உடந்தைன்னு சேக்கறதுக்கு அந்த சாட்டே போதும். தரமாட்டேன்னு ஒரு வரி பதில் போட்டுட்டு நிறுத்திக்கங்க, சாட்ட அழிக்காதீங்க, நீங்க மறுத்ததுக்கு அதுதான் சாட்சி.